கோழிக்காகத் தட்டிய டப்பா

வெண்ணந்தூர்,
வெள்ளிக்கிழமை காலை.

பெங்களூரில் மூளை ஆராய்ச்சி செய்யும் என் தம்பி மகள் டாக்டர் பிரவீனாவுக்கு, பெரியப்பா சின்னண்ணன் ஆசி கூறி எழுதுவது.

இங்கே நானும் கோழிகளும் நலம். உன் அப்பனும் அம்மாவும் நலம், சந்தையில் பார்த்தேன். உன் பெரியம்மா சௌந்திரத்தின் நலத்தை நீயே குமாரபாளையத்துக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள். நம் கோகிலவாணி வீட்டில் இருக்கிறாள். மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போகவில்லை, என்னைக் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள். அதற்குக் காரணம் நீ. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். எடுத்ததும் “மீட்டிங்ல இருக்கறேன் பெரியப்பா” என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் உன் படத்தைப் போட்டு ஒரு பக்கம் பேட்டி வந்ததே, அதிலிருந்து தொடங்குகிறேன். போதை மருந்து மூளைக்குள் போய் என்ன செய்கிறது என்று எலியை வைத்து ஆராய்கிறாய். தீவன மூட்டைக்குப் பக்கத்தில் எலியைக் கண்டால் நாங்கள் அடிப்போம், நீ சம்பளம் வாங்கிக்கொண்டு அதற்குக் கொகேயின் கொடுக்கிறாய். அதைப் பற்றி நான் யாரிடமும் குறை சொன்னதில்லை. ஆனால் பேட்டியின் நடுவில் சொல்லியிருக்கிறாய்: “எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். மூக்குப்பொடி டப்பாவின் மூடியைத் தட்டும்போதே அவர் முகம் மலர்ந்துவிடும். பொடி இன்னும் மூக்குக்குப் போயிருக்காது. வரப்போகிறது என்ற சேதிக்கே மூளையில் டோபமைன் சுரந்துவிடுகிறது. விளக்கு எரிந்ததும் விசையை அழுத்த ஓடும் எங்கள் எலியும் அப்படித்தான்.” பெயர் போடவில்லை, உண்மை. ஆனால் வெண்ணந்தூரில் டப்பாவைத் தட்டிவிட்டுப் பொடி போடுகிற பெரியவர் நான் ஒருவன்தான். மற்றவர்கள் தட்டாமல் போடுகிறார்கள், அவர்களுக்கு முறை தெரியாது.

டீக்கடையில் கந்தவேல் அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான். படித்துவிட்டு, “ஏனுங்க மாமா, எலிக்கு உங்க சாடையா, உங்களுக்கு எலி சாடையாங்க?” என்றான். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் எழுந்தால் ஒத்துக்கொண்டது போல் ஆகிவிடும்.

நான் எட்டாவதோடு நின்றவன். போர்வெல் லாரியில் வடநாடெல்லாம் சுற்றினேன், பிறகு இந்தப் பண்ணையைப் போட்டேன். ஆனாலும் ராசிபுரம் நூலகத்தில் மூளை பற்றி இருந்த புத்தகத்தை எடுத்து வந்து இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ‘போதைக்கு அடிமை’ என்கிறாய். நான் கோயிலில் நின்றுகூட அடிமை என்று சொல்லிக்கொண்டதில்லை. உன் எலிக்குக் கூண்டையும் அந்த விசையையும் விட்டால் வேறு என்ன இருக்கிறது? அதன் இடத்தில் என்னை அடைத்தால் நானும்தான் அழுத்துவேன். எனக்குப் பண்ணை உண்டு, பெண்டாட்டி உண்டு, காலையில் வாசலில் டப்பாவைத் தட்டினால் உள்ளே டீக்கு அடுப்புப் பற்றும். இதில் இரண்டை இப்போதைக்கு அடித்துவிட வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் உன் பெரியம்மாவும் பேப்பரைப் படித்தாள். “முப்பது வருசமா நான் சொன்னா காத்துல போச்சு. இப்பப் பாருங்க, கட்டங்கட்டிப் போட்டிருக்குது” என்றாள். நான் வாதம் செய்தேன். வாதம் செய்யும்போது எனக்குப் பொடி வேண்டும், டப்பாவைத் தட்டினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். படியிறங்கும்போது, “பொடிய உட்டாச்சுன்னாப் போன் பண்ணுங்க, வாரேன். அது வரைக்கும் எலிக்கும் எலிக்கூண்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லீங்க” என்றாள்.

அன்றைக்கே விட்டேன். பொடியை வேப்பமரத்தடியில் கொட்டினேன். தலைவலி வந்தது, தூக்கம் போனது, கந்தவேலை இரண்டு முறை திட்டினேன். இவை எல்லாம் புத்தகத்தில் போட்டிருப்பதுதான், அதனால் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் கோழிகளால் வந்தது. பொடி விட்ட மறுநாளிலிருந்து அவை தீவனத்தைச் சரியாகத் தின்னவில்லை. முட்டை குறைந்தது. கால்நடை டாக்டர் வந்து வெயில் என்றார், தீவனக் கடைக்காரர் தண்ணீர் என்றார். முட்டை பொறுக்குகிற பெருமாயி, “என்னங்க சாமி, கோழியெல்லாம் எழவூட்டுல குந்தியிருக்கறாப்புல இருக்குது?” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் தீவன வண்டியைத் தள்ளுவதற்கு முன் ஷெட் வாசலில் நின்று டப்பாவைத் தட்டி ஒரு இழுப்பு இழுப்பேன். ஷெட் முழுக்கத் தலை நீளும், கூச்சல் கிளம்பும். தட்டினால் தீவனம் என்று அவை படித்துவைத்திருக்கின்றன. இப்போது தட்டல் இல்லை. தட்டாமல் வருகிற தீவனத்தை அவை மதிக்கவில்லை.

காலி டப்பாவைத் தட்டிப் பார்த்தேன். ஒரு கோழியும் திரும்பவில்லை. காலி டப்பாவின் சத்தம் வேறு. கடைசியில் அரிசித் தவிட்டை நன்றாகச் சலித்து, பொடி இருந்த அளவுக்கு டப்பாவில் நிரப்பித் தட்டினேன். பழைய சத்தம் வந்தது. மொத்த ஷெட்டும் தலை நீட்டியது. முட்டையும் பழையபடி ஏறியது. தவிட்டு டப்பாவைத் தட்டும்போது எனக்கும் உள்ளே ஏதோ குளிர்ந்தது என்பதை மறைக்கவில்லை. உன் பேட்டியில் சரியாக இருக்கிற ஒரே வரி அதுதான், அதையும் நான் ஏற்கவில்லை.

இனித்தான் விஷயம். பொடியை விட்டாயிற்று என்ற தைரியத்தில் சென்ற திங்கட்கிழமை விடியற்காலையில் பண்ணையிலிருந்தே உன் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

“உட்டுட்டேன்” என்றேன்.

“நெசமாலுமா?”

“நெசமாத்தான். அங்காளம்மன் மேல ஆணை.”

“சரி, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?” என்றாள். குரல் இறங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பெருமாயி தீவன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். வலது கையில் போன் இருந்தது. இடது கை அதன் வேலையைச் செய்துவிட்டது. டக், டக்.

“அதென்னங்க சத்தம்?”

“கோழிக்கு.”

“கோழி எப்பங்க பொடி போடப் பழகுச்சு?”

போன் வைக்கப்பட்டது. அதன் பிறகு நான் போட்டால் கோகிலவாணிதான் எடுக்கிறாள். “அம்மா தறிச்சத்தத்துல தூங்குதுங்கப்பா” என்கிறாள். மருமகன் வீட்டில் இரவும் பகலும் விசைத்தறி ஓடுகிறது, அந்தச் சத்தத்தில் எவர் தூங்குவார்? தவிடு என்று சொன்னால் மருமகன் சிரிக்கிறார். பெருமாயி சாட்சி சொல்லத் தயார், ஆனால் அவள் எனக்கு வேலை செய்பவள், எடுபடாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது: ‘சின்னண்ணன் டப்பாவைத் தட்டியது கோழிகளின் டோபமைனுக்காக, தம்முடையதற்காக அல்ல. டப்பாவுக்குள் இருப்பது தவிடு’ என்று உன் ஆய்வகத்துத் தாளில் எழுதி, சீல் வைத்து, குமாரபாளையத்துக்கு அனுப்பு. நீ படித்தவள் என்பதால்தானே பேப்பரில் போட்டதை அவள் நம்பினாள். உன் வாயால் போனவள் உன் கையெழுத்தால் வரட்டும். பேப்பர்காரர்களுக்கும் மறுப்பு எழுது, அதே பக்கத்தில், அதே அளவில். ஆராய்ச்சி தவறு என்று நான் சொல்லவில்லை. வீட்டு ஆளை எலியோடு ஒரே வாக்கியத்தில் வைக்கிறவளுக்கு ஆராய்ச்சி மட்டும் போதாது என்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. எலி கடித்தால் அலட்சியம் செய்யாமல் ஊசி போட்டுக்கொள். உன் வேலை மேலும் உயர வேண்டும், இனி வெண்ணந்தூரைத் தொடாமல் உயர வேண்டும் என்று அங்காளம்மனை வேண்டும்,

உன் பெரியப்பா,
சின்னண்ணன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சௌந்திரம் பையோடு இறங்கினாள். நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்: “அன்னைக்குப் போனை வெச்சுப்போட்டுக் கொஞ்ச நேரத்துல பாக்கறேன், கோகிலா ஊட்டு அடுப்புல டீ கொதிக்குதுங்க. நாந்தான் வெச்சிருக்கறேன். நீங்க தட்டுன சத்தத்துக்குக் கை தானாப் போயி வெச்சிருக்குது. டம்ளரும் ரெண்டு எடுத்து வெச்சிருக்கறேன். அந்த ரெண்டாவது டம்ளரப் பாத்துக்கிட்டு நாலு நாளு இருந்தேன், அதுக்கு மேல முடியலீங்க.” ஆகவே சான்று தேவையில்லை. மறுப்பும் வேண்டாம். அடுத்த பேட்டியில் பெரியம்மாவையும் சேர்த்துக்கொள், பெயர் மட்டும் போடாதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே டப்பாவைக் கொடுங்கள் என்றாள், கொடுத்தேன். திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். இப்போது அடுக்கடுக்காகத் தும்மிக்கொண்டிருக்கிறாள், இன்னும் நிற்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே தும்முகிறாள். தவிட்டுக்கும் தும்மல் வரும் என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. தபாலில் வேண்டாம். மீட்டிங்கில் இருந்தாலும் பரவாயில்லை, போனிலேயே அனுப்பு.