ஹோத் அண்ணையும் பூட்டாத கதவும்

ஹோத் அண்ணை கோபப்படாமல் இருந்ததைப் பார்த்தேன் என்று ரொறன்ரோவில் யாராவது உங்களிடம் சொன்னால், அந்த ஆளிடம் எக்காரணம் கொண்டும் வீடு வாங்காதீர்கள், சீட்டும் கட்டாதீர்கள். சுத்தப் பொய். நான் அவருடைய ஸ்காபரோ வீட்டில் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தவன், எனக்குத் தெரியும். தேத்தண்ணீர் சுட்டால் கோபம், ஆறினால் கோபம், ஏன் அண்ணை கோபம் என்று கேட்டால் பெருங்கோபம். அந்த வீட்டுக்குக் குடிபோகும்வரை நானும் சாதுவான பிள்ளை என்றுதான் பெயர் எடுத்திருந்தேன். இப்போது என் மனைவி என்னை ‘ரெண்டாவது ஹோத்’ என்கிறாள்.

முதலில் அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் கை கொடுக்க முதலே ஊர் விசாரிப்பார்கள். ஒரு பிறந்தநாள் விழாவில் பக்கத்துக் கதிரையில் இருந்த பெரியவர் ஒருவர் அண்ணையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்தார்.

“தம்பி ஊரிலை எவடம்?”

“ஹோத்.”

“ஹோத்தோ? அது எங்காலை, தீவுப்பக்கமோ?”

“அயர்லாந்து.”

“இல்லைத் தம்பி, நான் கேட்டது சொந்த ஊர்.”

“நானும் சொந்த ஊரைத்தான் சொன்னனான்! பிறந்தது மன்னார். என்னைக் கேட்டே பிறப்பிச்சவை? ஹோத்திலை நான் விரும்பி இருந்தனான். விரும்பி இருந்த இடந்தான் ஊர்!”

கேக் வெட்ட முதலே பெரியவர் வேறு மேசைக்கு மாறிவிட்டார்.

ஹோத் என்பது டப்ளினுக்குப் பக்கத்தில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிற ஒரு முனை. அண்ணை அங்கே துறைமுகத்தில் மீன் வெட்டுகிற வேலையில் பல வருடம் இருந்துவிட்டுக் கனடா வந்தவர். கனடா அவருக்குச் செய்த ஒரே குற்றம், அது ஹோத்தாக இல்லாமல் போனதுதான். அந்தக் குற்றத்தை அவர் மன்னிக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ‘இஞ்சையும் ஒரு முனை இருக்கு அண்ணை, வாங்கோ காட்டுறன்’ என்று ஸ்காபரோ மலைச்சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புத்தி கெட்ட வேலை. வெள்ளைச் சரிவும் நீலத் தண்ணீருமாக உலகமே வந்து படம் எடுக்கிற இடம். அண்ணை இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏரியை முறைத்துப் பார்த்தார்.

“உப்பில்லாத தண்ணிக்கு இவ்வளவு பெரிய இடமோடா? எங்கை வெளிச்சவீடு? ஹோத்திலை முனையின்ரை நுனியிலை நிக்கும், அந்தமாதிரி! அங்கை துறைமுகத்துக்கு மேலை வட்டமாய் ஒரு கல்லுக்கோபுரம். பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வருவான் எண்டு பயந்து கட்டினது. அவன் வரவே இல்லை. எண்டாலும் இடிக்காமல் வைச்சிருக்கிறாங்கள், வந்தா வரட்டும் எண்டு. துறைமுகத்திலை ஒரு அரசர் வந்து இறங்கினவர், அவரின்ரை காலடியைக் கல்லிலை வெட்டி வைச்சிருக்கிறாங்கள். இஞ்சை ஆரின்ரை காலடியடா கிடக்கு?”

பக்கத்தில் ஒரு புதுமணத் தம்பதி படம் எடுத்துக்கொண்டு நின்றது. எங்கள் தமிழ்ப் பிள்ளைகள்தான். மரியாதைக்கு, “அங்கிள், விஷ் அஸ்!” என்று சிரித்தாள் மணப்பெண். “வாழ்த்து இருக்கட்டும் பிள்ளை, உந்தப் படத்தை முதலிலை அழி. பின்னாலை ஒரு வெளிச்சவீடு இல்லை, உது ஒரு படமே?” என்றார் அண்ணை. மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டது நான்.

இதையெல்லாம் தாங்கலாம். தாங்க முடியாதது அந்தக் கதவு.

நான் குடிவந்த முதல் நாள் பின்னேரம். தை மாதம். சாப்பாட்டு மேசையில் நாங்கள் இரண்டு பேர், தட்டுகள் மூன்று. வேறு யாரும் வருகிறார்களா என்று கேட்க வாயைத் திறந்தேன், முதுகில் ஐஸ் கட்டியை வைத்தது போல ஒரு குளிர். திரும்பிப் பார்த்தால் முன்கதவு திறந்து கிடக்கிறது. மூடிக்கொள்ளாமல் இடையில் ஒரு பழைய ஒற்றைக்கால் சப்பாத்து செருகியிருக்கிறது. எழும்பிப் போய் அதை எடுக்கக் குனிந்தேன்.

“தொடாதை!”

அயல் வீட்டு நாய்கூடக் குரைத்தது.

“விசரே அண்ணை உங்களுக்கு? வெளியிலை உறைபனி!”

“இரு. சொல்லுறன்.”

சொன்னார். ஹோத்தில் ஒரு கோட்டை இருக்கிறதாம். முன்னொரு காலத்தில் ஒரு கடற்கொள்ளைக்காரி, சும்மா ஆளில்லை, மேற்குக் கரையையே கட்டி ஆண்டவள், கப்பலில் வந்து முனையில் இறங்கினாளாம். பசி. கோட்டைக் கதவைத் தட்டினாள். ‘பிரபு சாப்பாட்டில் இருக்கிறார், கதவு திறக்க ஏலாது’ என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவளுக்கு வந்த கோபத்தில் அந்த வீட்டு வாரிசுப் பிள்ளையைத் தூக்கிக் கப்பலில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பொன் தருகிறோம், பொருள் தருகிறோம் என்று கெஞ்சியும் அவள் அசையவில்லை. ‘இனிமேல் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் கதவு மூடக்கூடாது. சொல்லாமல் வருகிற ஆளுக்கு மேசையில் ஒரு இடம் எப்போதும் இருக்கவேணும்’ என்றாள். அந்த வாக்கை வாங்கிக்கொண்டுதான் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாளாம்.

“கதை உண்மையோ பொய்யோ, அதை விடு. பரம்பரை பரம்பரையாய் வைச்சவங்கள்டா கோப்பை! இஞ்சை எங்கடை சனம்?” என்றார் அண்ணை, மூன்றாவது தட்டைக் காட்டி. அப்போதுதான் முதல் தடவையாக அவர் குரல் இறங்கியதைக் கேட்டேன்.

அண்ணைக்கு, ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் என்கிற நகரத்தில் ஒரு தம்பி. அண்ணை ஹோத்தில் கை விறைக்க விறைக்க மீன் வெட்டிக் காசு அனுப்பித்தான் அவர் இங்கே படித்து ஆளானவர். பெரிய வீடு, பெரிய வேலை. கனடா வந்த புதிதில் அண்ணை தம்பிக்குப் பிடிக்கும் என்று நண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் மாறி மாறி, சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய் நின்றிருக்கிறார். மணியை அடித்தால் கதவு திறக்கவில்லை. மணியே பேசியது. கமரா வைத்த மணி. “அண்ணை, ஒஃபிஸ் ஆக்களோடை சாப்பாட்டிலை இருக்கிறம். ஒரு போன் அடிச்சுப்போட்டு வந்திருக்கலாமெல்லே?” அண்ணை நண்டையும் கொண்டு திரும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அன்றிலிருந்துதான் இங்கே மேசையில் ஒரு தட்டு அதிகம்.

“அவன் வரவேணும். சொல்லாமல் வரவேணும். இந்தக் கதவாலை நடந்து வந்து இதிலை இருக்கவேணும். அதுவரைக்கும் உந்தச் சப்பாத்திலை ஆரும் கை வைச்சா நான் மனுசனாய் இருக்கமாட்டன்.”

தம்பி வரவில்லை. தம்பியைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. கதவு திறந்து கிடக்கிறதே என்று வெந்நீர்க் கொதிகலன் விற்கிற பெடியன் ஒருவன் வந்தான். “சிட்! ஈற்!” என்று அண்ணை போட்ட அதட்டலில் அவன் பயந்துபோய்ப் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டான். வெளிச்சவீட்டின் சரித்திரம் முழுவதையும் கேட்டான். கொதிகலனைப் பற்றி வாயே திறக்காமல் ஓடிப்போனான். இன்னொரு நாள், திறந்த கதவைப் பார்த்த அயலவர் யாரோ சொல்லி பொலிஸ்காரர் வந்தார். தட்டைக் காட்டினால், கடமையில் இருக்கிறேன், சாப்பிட முடியாது என்றார். “அப்ப ஏன் வந்தனி?” என்று பொலிஸ்காரரையே கதவு வரைக்கும் துரத்திக்கொண்டு போனார் அண்ணை.

எல்லாவற்றுக்கும் உச்சம் ரக்கூன், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டியோடு இரவில் குப்பைத்தொட்டி கிளறுகிற அந்தப் பிராணி. நாங்கள் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், மூன்றாவது கதிரையில் அது ஏறி இருக்கிறது. தட்டில் வைத்திருந்த இறாலை இரண்டு கையாலும் எடுத்து, தோலை உரித்து, பக்குவமாகத் தின்கிறது. நான் தும்புத்தடியைத் தூக்கினேன்.

“அடியாதை! போன் பண்ணாமல் வந்திருக்குது, பாத்தியோ? மார்க்கத்திலை இருக்கிறவனுக்கு இல்லாத மனிசத்தன்மை!”

அது ஒவ்வொரு பின்னேரமும் வரத் தொடங்கியது. நான் இரண்டு சுவெற்றர், ஒரு தொப்பி, கையுறையோடு சோறு சாப்பிட்ட குளிர்காலம் அது. கையுறையோடு சோறு குழைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் என் வயிற்றெரிச்சல்.

பிறகு ஒரு நாள் வேலையால் வந்து பார்த்தால், அண்ணை கத்தாமல் இருக்கிறார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஹோத்தில் கூட வேலை செய்த ஆள் போனில் சொன்னாராம், அந்தக் கோட்டை கைமாறிப் போச்சு, பழைய குடும்பம் விற்றுவிட்டது என்று.

“இனி அங்கை ஆர் கோப்பை வைக்கிறாங்களோ தெரியாதடா” என்றார். பிறகு மேசையைப் பார்த்தார். “இஞ்சை நான் வைப்பன். அவன் வராட்டிலும் வைப்பன்.”

சத்தம் போட்டிருந்தால் விட்டிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விழுந்தடித்துக்கொண்டு காரை எடுத்தேன். நேரே மார்க்கம். மணியை அமத்தினேன். நீல வெளிச்சம் ஒன்று பத்தியது.

“ஹலோ, ஆர்? போன் பண்ணினீங்களோ?”

அந்த ஒரு கேள்வி போதும். எனக்கு அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

“போனோ? போனுக்கு நெருப்பு வைக்க! உங்கடை அண்ணற்றை வீட்டிலை ரக்கூன்கூடப் போன் பண்ணாமல் வந்து இறால் தின்னுது! ஹோத் எண்டொரு முனை இருக்கு, தெரியுமோ? அதிலை ஒரு கோட்டை இருக்கு. பிரெஞ்சுக்காரனுக்குக் கட்டின கோபுரம் இருக்கு, வெளிச்சவீடு இருக்கு, துறைமுகத்திலை கடல்நாயள் மீன் தலைக்கு வாயைப் பாத்துக்கொண்டு நிக்கும். அந்தக் குளிருக்கை நிண்டு மீன் வெட்டித்தான் உந்த வீடு எழும்பினது! கொள்ளைக்காரிக்கே வாசல் திறந்து விட்டவங்கள் அவங்கள், கூடப்பிறந்தவனுக்கு நீங்கள் மணியாலை பேசுறியளோ?”

முழு முனையையும், காலடி உட்பட, அந்த வாசல்மணிக்கே சொல்லி முடித்தேன். எதிர்வீட்டு யன்னலில் இரண்டு தலை தெரிந்தது. நீல வெளிச்சம் அணைந்தது. அண்ணையிடம் நான் மூச்சு விடவில்லை.

அடுத்த கிழமை, நல்ல பனி. இடியப்பத்தில் கை வைக்கிறோம், வாசலில் சப்பாத்து அசைகிற சத்தம். ரக்கூன் என்றுதான் நினைத்தேன். கதவு மெல்லத் திறந்தது. தலையெல்லாம் பனியோடு தம்பிக்காரன். கையில் ஒரு பை. நண்டு. மார்க்கத்து வாசலில் மணியில் கேட்ட அதே குரல்.

“அண்ணை… நான் போன் பண்ணேல்லை.”

அண்ணை அவரைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். வாய் கோணியது. சரி, அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“பாத்துக்கொண்டு நிக்கிறியே எருமை! கதவைச் சாத்தடா! வீடு முழுக்கக் குளிருது!”

நான் மாதக்கணக்காகத் தொண்டை கிழியச் சொன்ன வசனம்! எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. தம்பி ஓடிப்போய்ச் சப்பாத்தை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வந்து மூன்றாவது கதிரையில் இருந்தார். அண்ணை அவருடைய தட்டில் இடியப்பத்தை அள்ளி அள்ளிப் போட்டார். கண்ணை மட்டும் மேல்கையால் துடைத்தார், உறைப்பாம். தம்பி இரண்டு வாய் வைத்திருப்பார், அண்ணை என் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“டேய், உனக்கென்ன கண் பொட்டையே? மேசையிலை மூண்டு கோப்பைதான் இருக்கு! ஓடு, இன்னொண்டு எடுத்து வை. அந்தச் சப்பாத்தையும் கதவுக்கை வை!”

திட்டிக்கொண்டே போய் வைத்தேன்.

இப்போது நான் ஸ்காபரோவுக்குக் கிழக்கே, அஜக்ஸ் நகரில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு கிழமைக்கு முதலே தகவல் அனுப்பி, பிறகு ஒரு தடவை உறுதிப்படுத்தி, வாசலில் நின்றும் போன் அடிக்கிறார்கள். எரிச்சலாக வரும். அப்படி எரிச்சல் முற்றுகிற நாளில் காரை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரமாகப் பார்த்து ஸ்காபரோவுக்குப் போய்விடுவேன். “வந்திட்டானடா! உனக்கு வீடு வாசல் இல்லையே?” என்று அண்ணை தொடங்குவார். தட்டு வைத்திருக்கும். திட்டு வாங்கிக்கொண்டே நான் போய் அதில் இருப்பேன். இன்றுவரைக்கும் ஒரு நாள்கூட அவருக்குப் போன் பண்ணிவிட்டுப் போனதில்லை.