இஸ்திரி போட்ட தலையைப் பற்றி உபதேசியார் மாமாவுக்கு

ஊரிகம்,
27 பிப்ரவரி 1904, சனிக்கிழமை.

கனம் பொருந்திய குடியாத்தம் உபதேசியார் டேவிட் மாமா அவர்கள் சமுகத்துக்கு, ஊரிகம் தங்கச் சுரங்க டைம்கீப்பர் ஜெயகரன் பணிவுடன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே அண்ணன், அண்ணி, அவர்கள் வளர்க்கும் ஆடு, நான் எல்லோரும் கர்த்தர் கிருபையால் சுகம். அங்கே தாங்களும் அத்தை அவர்களும், பெயரை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிற தங்கள் மகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். எனக்குக் கழுத்துக்குக் கீழே ஒரு குறையும் இல்லை. கழுத்துக்கு மேலே நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாமா, ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கல்யாணம் என்று பேசி முடித்தோம். நாளை விட்டு அடுத்த ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். அதற்கு முன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தங்களுக்கு அனுப்பிய போட்டோவில் என் முடி படிந்து, நடுவில் வகிடு எடுத்து, வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறதே, அது என் முடி இல்லை. அதாவது முடி என்னுடையதுதான், நேராக இருப்பது என் அண்ணி ஐடாவின் கைவேலை. எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. அண்ணி பங்களாவில் ஆயாவாக இருக்கிறார்கள். அங்கே துரைசானி அம்மாள் சூடான இரும்பை வைத்துத் தலைமுடியைச் சுருட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு வந்து, "நேர் முடி இரும்புல சுருளுதுன்னா, சுருட்டை முடி இரும்புல நேராவாதா? படத்துல மாப்பிள்ளை லட்சணமா தெரிய வாணாமா?" என்றார்கள். எனக்கும் நியாயமாகப் பட்டது. மேஜையில் கன்னத்தை வைத்துப் படுத்தேன். முடியை விரித்து, ஈரத்துண்டைப் போட்டு, அதன்மேல் கரி இஸ்திரிப் பெட்டியை ஓட்டினார்கள். ராபர்ட்சன்பேட்டையில் போய்ப் படம் எடுத்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் திடீரென்று வந்து பார்த்தால் என்ன செய்வது என்று பயந்து, சனிக்கிழமை தோறும் மேஜையில் படுக்க ஆரம்பித்தேன்.

புதுவருஷ ஆராதனையில் முழங்காலில் நின்று தலை குனிந்தபோது, முன்னால் இருந்த ஒரு கொத்து முடி ஒடிந்து பாட்டுப் புத்தகத்தின் மேல் விழுந்தது. அன்றைக்கே தீர்மானம் செய்தேன், இனி இஸ்திரி கிடையாது, தேவன் கொடுத்த சுருட்டையே வளரட்டும் என்று. தீர்மானம் செய்வது சுலபம் மாமா. வேரில் சுருட்டை, நுனியில் விளக்குமாற்றுக் குச்சி, நடுவில் வறட்சி. தொட்டால் சரசரவென்று சத்தம். ஜெபக் கூட்டத்தில் நான் தலையைச் சொறிந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அண்ணனுடைய மரச்சீப்பில் மூன்று பல் ஒடிந்தது, அதில் இரண்டுதான் கிடைத்தது.

வறட்சிக்கு எண்ணெய்தானே மருந்து என்று விளக்கெண்ணெயைத் தாராளமாகத் தேய்த்தேன். முடி அடங்கியது, வேலை போகப் பார்த்தது. நான் நிற்கிற இடம் மில்லில் கல் உடைக்கும் எந்திரத்துக்குப் பக்கம். பறக்கிற தூளெல்லாம் எண்ணெய்த் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களைத் தங்கம் கிங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று வாசலில் சோதிப்பார்கள் அல்லவா, அங்கே நிற்கிற சாம்ராஜ் என் தலையை வெள்ளைத் துணிமேல் உதறினான். துணி மினுமினு என்று மின்னியது. "இன்னா டைம்கீப்பரே, தலையில தனியா மில்லு ஓட்றியா நீ?" என்று கேட்டான். தூளை மடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், என்னை மூன்று நாள் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். திருடன் என்று பெயர் வாங்கினால் யார் பெண் கொடுப்பார்கள் என்று அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அது வெறும் காக்காப்பொன் என்று முடிவு வந்தது. வேலை தப்பியது. ஆனால் இனி எண்ணெய்த் தலையோடு உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு.

எண்ணெய் வைக்காவிட்டால் வறட்சி, வைத்தால் வேலை போகும். அண்ணி மறுபடியும் வந்தார்கள். முட்டை வெள்ளைக்கரு தடவினால் பட்டு மாதிரி ஆகும் என்று பங்களாவில் கேட்டார்களாம். இரண்டு முட்டையைத் தடவி, நன்றாக ஊறவைத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினார்கள். முட்டை தலையிலேயே வெந்துவிட்டது. அன்று மாலை சாம்ராஜ் துணியை விரித்து, உதறி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காலையில நாஷ்டா இன்னா பிரதர், முட்டையா?" என்றான். காணாமல் போன சீப்புப் பல்லையும் அவன்தான் கண்டுபிடித்துக் கொடுத்தான். நல்ல மனிதன்.

மாமா, போட்டோ கிடைத்தது என்று தாங்கள் எழுதிய கடிதத்தில், "பெண் ஒன்றும் சொல்லவில்லை" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பல தடவை படித்துவிட்டேன். படத்தில் ஏதோ பொய் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. பொய்த்தலையோடு ஒரு பெண்ணைக் கைப்பிடிக்க எனக்கு இஷ்டமில்லை. ஆகையால் இன்று மத்தியானம் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய், முடி வெட்டும் தங்கவேலுவிடம் உட்கார்ந்து, முழுவதையும் வழித்துவிடப் போகிறேன். மொட்டைக்கு வறட்சி கிடையாது, சோதனை கிடையாது, இஸ்திரி கிடையாது. எந்த மலைக்கு நேர்த்திக்கடன் என்று சபையில் கேட்பார்கள், கேட்கட்டும். இந்தத் தலைக்கும் சம்மதம் என்றால் கல்யாணத்தை ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சம்மதம் இல்லையென்றால் ஓலை வாசிப்பதற்குள் ஒரு வரி எழுதிவிடுங்கள், தாங்கிக்கொள்கிறேன்.

அத்தை அவர்களுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டின்மேலும் சபையின்மேலும் சமாதானம் தங்குவதாக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
(தாங்கள் அனுமதித்தால்) மருமகன்,
ஜெயகரன்

பின்குறிப்பு: இதைத் தங்கவேலுவின் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வலது பக்கம் வழித்து முடித்து அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, அண்ணி மூச்சிரைக்க ஓடிவந்து தங்கள் புதுக் கடிதத்தைக் கொடுத்தார்கள். படித்தேன். தங்கள் மகள் அத்தையிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, "ஊரிகத்து அறுப்புப் பண்டிகையில சுருட்டை முடியோட ஒருத்தர் நின்னு பாடினாரே, அவருக்குன்னுதான் நான் சரின்னு சொன்னேன். படத்துல இருக்கிறது யாரு?" என்று. தனக்கும் அதே முடிதான், புகுந்த வீட்டில் யாரும் தன்னைக் கேலி செய்ய மாட்டார்கள் என்று நினைத்திருந்தாளாம். எண்ணெய் இல்லாமலே வெந்தயமும் செம்பருத்தி இலையும் அரைத்து வறட்சியைச் சமாளிப்பாளாம். மாமா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கவேலு கத்திதான் பட்டுவிட்டதோ என்று பயந்துபோனான்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடுங்கள். கல்யாணத்தைத் தயவுசெய்து மூன்று மாதம் ஒத்திவைக்க வேண்டுகிறேன். "மீதியை இன்னா பண்ணட்டும்?" என்று தங்கவேலு கேட்கிறான். தொடாதே என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை தலைப்பாகை கட்டிக்கொண்டு ஷிப்ட்டுக்குப் போவேன். வாசலில் சாம்ராஜ் அதை அவிழ்ப்பான், சிரிப்பான், சிரிக்கட்டும். இடது பக்கத்தை அப்படியே வைத்திருக்கிறேன் என்று பாக்கியவதியிடம் சொல்லுங்கள்.