குரலால் மட்டும் பதியவும்

கீலுங் துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக விலை கூவி வந்த கோ தியென்லாய்க்கு ஒரு திங்கட்கிழமை குரல் போய்விட்டது. பத்து நாளில் குரலோடு வராவிட்டால் வேறு ஆள் வைப்பதாக ஏலக்கூடம் அன்போடு தெரிவித்தது. மனைவி சியூச்சின் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்து வந்தாள். வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நான்.

பொதுமக்களின் நலன் கருதி, அங்கே சீட்டுப் பதியும் ஆட்களை நீக்கிவிட்டுப் பேசும் இயந்திரம் ஒன்றை நிறுவியிருந்தார்கள்.

"தங்கள் நோயைத் தங்கள் குரலிலேயே தெரிவிக்கவும்" என்றது அது.

தியென்லாய் வாயைத் திறந்தார். காற்று வந்தது.

"தாங்கள் நலமாயிருப்பதில் மகிழ்ச்சி. அடுத்தவர்."

பக்கத்து மேசையில் ஓர் அதிகாரி இருந்தார், இயந்திரத்துக்கு உதவியாக. சியூச்சின் அவரிடம் போனாள்.

"இவருக்குப் பேச்சு வரலைங்க. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

"பேச்சு வந்ததும் வரச் சொல்லுங்கம்மா. பதிஞ்சிடலாம்."

"பேச்சு வந்துட்டா இங்க எதுக்கு சார் வரணும்?"

"அதனாலதான் கூட்டம் பாதியா குறைஞ்சிருக்கு" என்றார் அதிகாரி, பெருமையாக. "அவசரம்னா நீங்க பேசிப் பதிஞ்சுக்குங்க."

பதிந்தாள். பேசியவர் பேரிலேயே சீட்டு வந்தது: நோயாளி சியூச்சின், வயது ஐம்பத்திரண்டு, கோளாறு தொண்டையில்.

மருத்துவர் நல்ல மனிதர். "கஷ்டம் இவருக்குன்னு எனக்கும் தெரியுது. ஆனா திரையில உங்க பேருதானே இருக்கு? வாயைத் திறங்க." காலையிலிருந்து வாதாடிய தொண்டை சிவந்திருந்தது. "மூணு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா உள்ள குரலும் போயிடும்."

மாத்திரையை இருவரும் பாதிப் பாதி சாப்பிட்டார்கள். அவருக்குக் குரல் திரும்பவில்லை. பதினோராம் நாள் ஏலக்கூடத்தில் வேறொருவர் கூவினார். தியென்லாய் பனிக்கட்டி அள்ளிப் போட்டார். புது ஆள் விலையைத் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் இவர் உதடு மட்டும் அசையும்.

அந்த வாரமே மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. "எங்கள் சேவையில் குறை இருந்தால் இப்போதே சொல்லவும்." கணவனுக்குக் குரல் இல்லை, மனைவிக்கு அனுமதி இல்லை. அரை நிமிஷம் பொறுத்து, "தங்கள் முழுத் திருப்திக்கு நன்றி" என்று அது வைத்துவிட்டது.

வருஷக் கடைசியில் தொண்டைப் பிரிவுக்கு விருது கொடுத்தார்கள். ஒரு புகார்கூட வரவில்லையாம். விழாவுக்கு மருத்துவமனையின் எல்லாப் பிரிவு நோயாளிகளையும் அழைத்து, யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று மேடையிலிருந்து கேட்டார்கள். தியென்லாய் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். வாழ்த்துகிறார் என்றது மேடை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நான் அங்கே போனது காதுவலிக்கு. என் தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை.