பதினொன்று முதல் மூன்று வரை வெயில்

கூரையில் சோலார் போடுவது என்று, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, பிரமிளாவைக் கேட்காமலே ஒரு முடிவெடுத்தேன். எடுத்த பிறகு அவளிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. வீடு அவள் பெயரில் இருக்கிறது.

பூமியைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாரிடமும் சொன்னேன். உண்மைக் காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, தாப்பாவில் ஓர் ஆட்டுக்கறிச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது.

ஈப்போவில் ஆட்டுக்கறி கிடைக்காதா என்பீர்கள். கிடைக்கும். ஆனால் ஈப்போவில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் பக்கத்து மேசையில் பிரமிளாவுக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். எனக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய், கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றும் உண்டு. ஆட்டுக்கறியை நிறுத்தும்படி டாக்டர் சொன்னார். பிரமிளா நிறுத்தினாள். நீர் வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் உழைத்தவனுக்கு ஓய்வு காலத்தில் கிடைத்தது பீர்க்கங்காய்.

அதனால்தான் ஓய்வுப் பணத்தில் மின்சாரக் கார் வாங்கினேன். வாரத்தில் மூன்று நாள், நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு ஜெயபாலனை ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு விடுவேன். பதினொரு மணிக்குக் கடை திறக்கும். மூன்று மணிக்குச் சட்டி காலியாகிவிடும், கதவைச் சாத்திவிடுவார்கள். சத்தமில்லாத கார். சாட்சியில்லாத கறி.

ஆனால் காருக்கு வீட்டில்தான் சார்ஜ் போட்டாக வேண்டும். மாதாமாதம் பில் ஏறிக்கொண்டே போனது. பிரமிளா, தாப்பாவைத் தாண்டிப் போனால் வரும் சுங்காய்த் தோட்டத்துக் கங்காணி மகள். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுத்தவர் அவள் அப்பா. மகள் என்னை நிறுத்தினாள்.

"என்னங்க, அந்த நூலகம் எங்க இருக்கு?"

"டவுன்லதான்."

"டவுனுக்குப் போய்ட்டு வர்ற வண்டி இவ்ளோ கரண்டு குடிக்குமா?"

"பேட்டரி பழசாயிருச்சு பிரமிளா."

"வண்டி வாங்கி ஏழு மாசம்தானே ஆச்சு."

"டவுன்ல டிராபிக் ஜாஸ்திலா."

"டிராபிக்ல நின்னா இந்த வண்டி கரண்டே குடிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

வாங்கும்போது சொல்லியிருந்தேன். நான் சொன்ன எதையும் அவள் மறப்பதில்லை. அவளிடம் உள்ள ஒரே குறை அதுதான். நான் தூரமாக எங்கோ போகிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள். எங்கே என்பது தெரியாது என்று நம்பினேன்.

வழி சொன்னவன் ஜெயபாலன்.

"பில்லு வந்தாத்தானே மச்சான் கேப்பாங்க? சூரியன் பில்லு அனுப்புமா?"

அந்த நிமிஷமே சோலார் என்று தீர்மானித்தேன். வானமே இடிந்து விழுந்தாலும் பின்வாங்குவதில்லை.

கம்பெனியிலிருந்து தீபன் என்பவர் வந்து கூரையேறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "அருமையான கூரை அங்கிள். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. வெயில் அடிக்கிறப்பவே கரண்ட யூஸ் பண்ணிருங்க. மிஞ்சுனத வெளிய அனுப்பினா பில்லுல கம்மியாத்தான் கழிப்பாங்க."

பிரமிளா சமையலறையிலிருந்து வந்தாள். தீபனை விட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்.

"நல்ல வெயில் எப்பங்க அடிக்கும்?"

நிபுணன் ஆகிவிட்டேன். "பதினொன்னுலேர்ந்து மூணு வரைக்கும்."

"அப்பதான் வண்டிக்குச் சார்ஜ் போடணுமா?"

"ஆமா. சூரியன் சும்மா குடுக்குது, விடலாமா?"

"ராத்திரி போட்டா?"

"பில்லு வரும். சோலாரப் போட்டுட்டு ராத்திரில சார்ஜ் பண்றவன் முட்டாள்."

"இதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. எனக்கு மறந்துரும்."

எழுதினேன். பத்துமலை என்ற என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுத் தேதியும் குறித்தேன். எதையும் மறக்காதவள் மறந்துரும் என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் சோலார் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்ட மகிழ்ச்சியில் உறைக்கவில்லை. அன்று தாப்பாவில் ஜெயபாலனும் நானும் ஈரல் வறுவல் ஒரு தட்டு கூடுதலாக வாங்கினோம்.

சோலார் பலகைகள் கூரை ஏறின. முதல் திங்கட்கிழமை பத்து மணிக்குச் சாவியோடு வெளியே வந்தேன். கார் சுவரோடு கட்டப்பட்ட மாடு மாதிரி சார்ஜில் நின்றது. அதற்கு மேலே என் கையெழுத்துப் போட்ட தாள், பிளாஸ்டிக் உறைக்குள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நூலகம்."

"வெயில் வர்ற நேரமாச்சே."

"ஒரு நாள் விட்டா சூரியன் கோவிச்சுக்குமா?"

"அது கோவிச்சுக்காது. ராத்திரி சார்ஜ் போட்டா நீங்க முட்டாளாயிருவீங்க. நான் சொல்லல, தாள்ல இருக்கு. மூணு மணிக்கு மேல தாராளமா போங்க. நூலகம் தொறந்துதான் இருக்கும்."

நூலகம் திறந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

விடுவதாக இல்லை. மழைக்குக் காத்திருந்தேன். தினமும் மத்தியானம் கொட்டித் தீர்க்கும் ஈப்போ, அந்தப் பத்து நாளும் தூறல்கூடப் போடவில்லை. பதினோராம் நாள் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

"வெயில் இல்ல பிரமிளா. வண்டிய எடுக்கறேன்."

அவள் போனைக் காட்டினாள். கூரையில் எவ்வளவு மின்சாரம் உண்டாகிறது என்பது அதில் தெரியும். கணக்கு அவள் பெயரில்தானே.

"கொஞ்சமா வருது பாருங்க. கொஞ்சமா வந்தாலும் சும்மாதானே வருது."

பஸ்ஸில் போகலாம் என்றான் ஜெயபாலன். எனக்கு இனிப்பு நீர். தாப்பா போய்ச் சேருவதற்குள் மூன்று தடவை இறங்கியாக வேண்டும். பஸ்காரர் ஒரு தடவைகூட நிறுத்த மாட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை துணிந்துவிட்டேன். தாளாவது கையெழுத்தாவது. வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு தட்டு, வெளிப்படையாகக் கேட்டுவிடுவது. காலையிலிருந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். "பிரமிளா, நானும் மனுஷன்தான்" என்று ஆரம்பித்தால் நன்றாக இருந்தது. பேச்சு முழுசாகப் படிந்து நான் வாசலுக்கு வந்தபோது மணி ஒன்றேமுக்கால்.

கார் சார்ஜிலிருந்து கழற்றப்பட்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் பிரமிளா. பக்கத்தில் ஜெயபாலன் மனைவி நல்லம்மாள், மடியில் கைப்பையுடன்.

"பிரமிளா, நீயா ஓட்டப் போற?"

"லைசன்ஸ் எடுத்து இருவது வருஷமாச்சு. பழைய வண்டில கிளட்சுக்குத்தான் பயந்தேன். இதுல அது இல்லையே."

"எங்க போற?"

"சுங்காய்ல தங்கச்சி வீட்டுக்கு. நல்லம்மாக்காவும் வராங்க."

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. சுவரில் இருந்த தாளைக் காட்டினேன். "இன்னும் மூணு மணி ஆகலையே. வெயில் இருக்கு."

"வண்டி நெறஞ்சிருச்சுங்க. மூணு வாரமா நீங்கதான் எங்கயும் போகலையே."

"அதுக்காக இந்த வெயில்லயா? மூணு மணிக்கு மேல கிளம்பலாம்லா."

நல்லம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பிரமிளா நிதானமாக இருக்கை வாரை மாட்டினாள்.

"மூணு மணிக்கு மேல போனா, அந்தத் தாப்பா கடைல கறி தீந்துருமாமேங்க."