சக்கரம் இல்லாத விமானமும் இரண்டு எலுமிச்சம்பழமும்

இந்த ஆயுதபூஜைக்கு ஒட்டடை அடிக்கப்போவதில்லை என்று செங்கல்வராயன் தீர்மானித்துவிட்டான்.

காரணம் பலமானது. பூஜைக்கு மறுநாள் காலை சென்னையில் மாதிரி விமானக் கண்காட்சி. அவன் விமானத்துக்கோ இன்னும் சக்கரமே ஒட்டவில்லை. அது சாதாரண விமானமும் இல்லை. உலகப்போரில் ஜெர்மன்காரன் செய்த விநோதம். எஞ்சின் ஒரு பக்கம், ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டு இன்னொரு பக்கம், வால் இறக்கை ஒருபுறம் மட்டும்.

"எலி பாதி துன்னுட்டு உட்ட மாதிரி கீது" என்பது அவன் மனைவி ரோஹிணியின் அபிப்பிராயம்.

ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு அவன் பஸ் ஏறும்போதே அவளும் திருப்பதி ஆஸ்பத்திரி லேபுக்குக் கிளம்புகிறாள். லீவும் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்தான். ஆனால் லீவு வந்தால் அவன் கையில் விமானம், அவள் கையில் விளக்குமாறு. இது என்ன நியாயம் என்று கேட்டால், அவன் காதும் அந்த வால் மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம்தான் இருக்கும்.

பூஜையன்று காலை ரோஹிணி குளித்துவிட்டு வந்தாள். விளக்குமாறு, ஏணி, வாளி, மாப்பு எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சுவரோரம் வரிசையாக நின்றன.

"இன்னாங்க இது?"

"வேலைக்கு ஒதவறது எல்லாம் ஆயுதம்தானே? நகரியில தறிக்குப் பொட்டு வெச்சா மறுநாள் வரைக்கும் எங்க நைனா தொடுவாரா? தொட்டா சாமிக் குத்தம்."

ரோஹிணியும் நகரிதான். தறிச் சத்தத்தில் வளர்ந்தவள்.

"வேலைக்கு ஒதவறது எல்லாமேவா?"

"எல்லாமே!"

"நாளைக்குக் காலையில வரைக்கும்?"

"சத்தியமா!"

அவள் குங்குமக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அடுப்புக்கு ஒரு பொட்டு. மிக்ஸிக்கு, கரண்டிக்கு, தோசைக்கல்லுக்கு ஒவ்வொன்று.

"டிபனு?"

"சாமிக் குத்தம்ங்க."

பட்டினி ஒன்றும் பெரிதில்லை, சக்கரம்தான் முக்கியம் என்று அவன் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோதே அவள் விமான அறைக்குள் நுழைந்துவிட்டாள். கத்தி, இடுக்கி, தூரிகை, பசைக் குப்பி. பொட்டு, பொட்டு, பொட்டு, பொட்டு.

"ஐயோ! அது வெளையாட்டு சாமான் ரோஹிணி!"

"போன வாரம் என் தம்பி அப்டி சொன்னப்போ, 'இது வெளையாட்டு இல்லடா, வேலை!'ன்னு சண்டைக்குப் போனது யாரு?"

செங்கல்வராயன் குப்பியைச் சுட்டிக்காட்டினான்.

"பசை மட்டும்…"

"அதான் பெரிய ஆயுதம்."

பத்து நிமிஷம் கெஞ்சினான். "இதுக்குப் பரிகாரமே இல்லியா?"

"இருக்குது. மொத பொட்டு வெச்ச கையாலயே அதை அழிக்கணும். அழிச்ச சாமானை எடுத்து வேலையும் செய்யணும். அப்பொறம் எல்லாத்தையும் தொடலாம்."

"இது எங்க எழுதிக்கீது?"

"வெளக்கமாத்துக்குப் பொட்டு வைக்கச் சொல்லி எழுதிக்கீதே, அதுக்கு அடுத்த பக்கத்துல."

விளக்குமாற்றின் பொட்டை அவனே அழித்தான். பிறகு ஏணி, வாளி, மாப்பு. ஒட்டடை, பரண், நாலு ஃபேன், ஜன்னல் கம்பி. இடையில் அடுப்புப் பொட்டும் அழிந்து இட்லி வந்தது. ரோஹிணி அவன் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, "அந்த மூலையில இன்னும் கொஞ்சம்" என்று வழிகாட்டிக்கொண்டிருந்தாள். வீடு பளபளத்தபோது வாசலில் தெருவிளக்கு எரிந்தது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய், பசைக் குப்பியின் பொட்டைத் துடைத்து, மூடியைத் திருகினான்.

"கைகால் கழுவிக்கினு வாங்க" என்றாள் ரோஹிணி. அவள் கையில் மறுபடியும் குங்குமக் கிண்ணம். "நல்ல நேரம் வந்துட்சி. பூஜை பண்ணிடலாம்."

"காலையிலயே பண்ணியாச்சே!"

"அது நீங்க பண்ணது. இது சாமிக்கு."

குப்பிக்குப் புதுப் பொட்டு விழுந்தது. விமானமும் வண்டிதானே என்று கண்ணாடிக் கூண்டின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்தவள், சக்கரமே இல்லாததைக் கண்டு, பழங்களின் மேலேயே விமானத்தை நிறுத்தினாள். கொஞ்சமும் சாயாமல் நின்றது.

"சென்னைக்கும் இப்டியே எடுத்துக்கினு போங்க. பழம் ரெண்டும் நான் தரேன்."