வேர் தோண்டுகிறவர்

ஊருக்கு ஒருவர் இருக்கிறார். ஆங்கில வார்த்தை ஒன்று காதில் விழுந்தால் போதும், அதன் பூர்வீகத்தைத் தோண்டி எடுக்காமல் விடமாட்டார். சிதம்பரத்துக்கு வாய்த்தவர் ஞானசேகரன், தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மளிகைக் கடைக்கு முந்திரி வாங்கப் போனால், 'கேஷ்யூ' என்கிற சொல் பிரேசில் பழங்குடிகளிடமிருந்து போர்த்துகீசியர் வாயில் ஏறிவந்த கதையைச் சொல்லி, பின்னால் நிற்கிற நாலு பேரையும் வெயிலில் காயவைத்து, கடைசியில் முந்திரி வாங்காமலே வீடு திரும்புவார். மனைவி கேட்டால்? அதற்கும் ஒரு லத்தீன் வைத்திருப்பார்.

போன மாதம் அவருடைய மைத்துனன் ராஜ்கமல் மாடிப்படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டான். கடலூர் எலும்பு டாக்டர் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவாராம், அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். வாடகை ஆம்புலன்ஸ் வந்தது. தூக்கி ஏற்றும்போதே ஞானசேகரன் ஆரம்பித்துவிட்டார்: ஆம்புலன்ஸுக்கு மூலம், லத்தீனில் 'நடப்பது' என்கிற சொல்.

ராஜ்கமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: “நடக்க முடிஞ்சா நான் ஏன் மாமா இதுல ஏறப் போறேன்?”

ஓட்டுநர் நசீர் பரங்கிப்பேட்டைக்காரர், பன்னிரண்டு வருஷம் துபாயில் இருந்தவர். வழியில் சாதாரணமாகத்தான் கேட்டார்: “பேஷன்ட்டுக்கு சுகர் இருக்கா?”

உண்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் ஞானசேகரனா? சுகர் பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்கு லத்தீன் கொடுத்தது என்றார்.

“லத்தீனுக்குக் குடுத்ததே அரபிதான் சார். சுக்கர்” என்றார் நசீர்.

ஞானசேகரனுக்கு உடம்பு புல்லரித்தது. நாற்பது வருஷமாக அவர் ஏங்கியது இப்படி ஒரு மனிதருக்குத்தான். அரபிக்கு முன்னால் பாரசீகம் என்றார் இவர். அதற்கும் முன்னால் என்ன என்று கேட்டார் அவர். திரும்பி உட்கார்ந்து பேச வசதியாக, பரங்கிப்பேட்டை ரோடு பிரிகிற இடத்தில் வண்டி ஓரமாக நின்றது. ராஜ்கமல் முனகியதை இருவரும் ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். சமஸ்கிருதத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால்.

டாக்டர் போய்விட்டார். சாயங்காலம் அவர் வருகிறவரை ராஜ்கமல் ஒடிந்த காலோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தான். மாமாவும் நசீரும் கேன்டீனில் இருந்தார்கள். கேட்கிற நமக்கே கோபம் வருகிறது, இல்லையா?

அது சரி வாசகரே, உண்மையைச் சொல்லுங்கள். ராஜ்கமலுக்குச் சர்க்கரை உண்டா இல்லையா என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தீர்களா? சமஸ்கிருதத்துக்கு முன்னால் என்னவாக இருக்கும் என்றுதானே யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்?