ஆதாரத்துடன் திருத்தவும்

யாராவது என்னைப் பிழை என்று சொன்னால் முதலில் எனக்குக் காது சுடும். அதற்குப் பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பதே காதில் விழும். இந்த வியாதி பலருக்கும் உண்டுதான். ஆனால் அதனால் மனைவியை யானையிடம் மாட்டிவிட்டவன் எங்கள் பகுதியில் நான் ஒருவன்தான்.

ஜெயபுரத்தில் எனக்கு ஒரு சிறிய கொமினிகேசன் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி எடுப்பேன், போனுக்கு ரீலோட் போடுவேன். போனைப் பற்றித் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில், ஊரார் தொடங்கிய யானை எச்சரிக்கை வட்ஸ்அப் குழுவுக்கு என்னை அட்மின் ஆக்கினார்கள். பொழுதுபட்டால் எங்கள் பக்கம் யானை இறங்கும். வாழையைத் தின்னும், நெல் மணந்தால் சுவரையும் இடிக்கும். கண்டவர் இடத்தைக் குழுவில் போட வேண்டும், யானை விரட்டும் வெடி வைத்திருப்பவர்கள் அங்கே ஓட வேண்டும். குழுவின் வேலை அவ்வளவுதான்.

நானோ அதை நாகரிகமான குழுவாக்கப் புறப்பட்டேன். காரணம், எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் கச்சானும் மரவள்ளியும் போட்டுத் தனியே வாழும் தவம் அக்கா. ஒருமுறை ஊர்க்கூட்டத்துக்கு, 'செவ்வாய்க்கிழமை பெருந்திரளாக அணிதிரளுமாறு' செந்தமிழில் ஒரு நீண்ட அழைப்பு எழுதினேன். கீழே அவர் ஒரே வரி போட்டார்: "புதன்கிழமையெல்லோ தம்பி." அதற்கு ஊரே பெருவிரலைத் தூக்கியது. என் அழைப்புக்கு விழுந்தது ஒரேயொரு பெருவிரல். (அதுவும் என்னுடையது.)

மறுநாளே விதிகள் வந்தன. காலை வணக்கப் பூக்கள் போடக் கூடாது. அரசியல் கதைக்கக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: அட்மினின் பதிவில் பிழை கண்டால் தனியாக அறிவிக்கவும், பொதுவில் சொல்வதாயின் படத்துடன் ஆதாரம் தரவும், மீறுபவர் நீக்கப்படுவார். யானைக்கு எச்சரிக்கை சொல்லும் குழுவுக்கு இப்படி ஒரு விதி! அப்போது அது எனக்கு மிகவும் நியாயமாகத்தான் பட்டது.

அதன் பிறகு ஒரு மாலை, கடையைப் பூட்டிவிட்டு வரும் வழியில், குளக்கட்டுப் பற்றைக்குள் தடி முறியும் சத்தம் கேட்டது. கறுப்பாக ஏதோ அசைந்தது. உடனே போட்டேன்: 'யானை குளக்கட்டில் நிற்கிறது. அனைவரும் வெடியுடன் வரவும். அட்மின்.'

ஊரிலிருந்த வெடியெல்லாம் குளக்கட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆளை ஆள் மட்டுக்கட்ட முடியாத மைம்மல் பொழுது. எல்லோரும் பற்றையைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போது குழுவில் ஒரு பதிவு வந்து போன் துடித்தது. தவம் அக்கா.

"தம்பி, பிழை. ஆனை அங்க இல்லை."

காது சுட்டது. பக்கத்தில் நின்ற சிவம் அண்ணை தன் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தவம் என்னவோ சொல்லுறா. என்னெண்டு கேளுமன்."

"விதி எண்டால் எல்லாருக்கும் விதிதான் அண்ணை" என்றேன். குழுவில் ஒரே சொல் எழுதினேன்: 'ஆதாரம்?'

தவம் அக்கா குரல் பதிவு செய்கிறார் என்று திரை காட்டியது. இனி இவரிடம் குரலிலும் வாங்கிக்கட்ட வேண்டுமா? அந்தப் பதிவு வந்து சேர முன்னர் அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன். அப்போது எனக்கு வந்த திருப்தியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

உடனே மனைவி ரஞ்சி அழைத்தாள். தேங்காய் வாங்கச் சொல்லியிருந்தாள், அதற்காகத்தான் என்று துண்டித்தேன். மறுபடி அழைத்தாள். மறுபடி துண்டித்தேன்.

பிறகு குளக்கட்டில் நின்ற எல்லோருடைய போன்களும் ஒன்றாகத் துடித்தன. குழுவில் ஒரு படம், ரஞ்சி போட்டது. எங்கள் குசினி யன்னல் கம்பிகளுக்கூடாக எடுத்திருந்தாள். கம்பிக்கு வெளியே, படத்தை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத் தோல், பெரிய காது ஒன்று. அந்தக் காதில், கொடியில் காயப்போட்டிருந்த நான் உடுக்கும் நீலச் சாரம் தொங்கியது. படத்துக்குக் கீழே ஒரே சொல்: 'ஆதாரம்.'

"ஐசே, உது உம்மட சாரமெல்லோ?" என்றார் சிவம் அண்ணை.

எங்கள் குசினி, சமையலுக்கென்று வீட்டிலிருந்து தள்ளிப் போட்ட மண்சுவர்க் கொட்டில். விதைநெல் மூட்டைகளை அதற்குள்தான் அடுக்கியிருந்தேன். மகள் ரியூசனுக்குப் போயிருந்தாள். ரஞ்சி தனியே உள்ளே. இந்த மண்ணில் பயப்படுவதற்கு எங்களுக்கு யுத்தத்தின்போது வேறு நாட்கள் இருந்தன. ஆனால் அந்த நாட்களில் பயத்துக்குக் காரணம் நானில்லை.

மோட்டார் சைக்கிளின் திறப்பு துவாரத்துக்குள் போக மறுத்தது. சிவம் அண்ணை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தார். எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பியதும் தகரம் அடிபடும் சத்தம் கேட்டது. வேலியடியில் தவம் அக்கா. ஒரு கையில் எரியும் தென்னோலைச் சூள், மறுகையில் வேலித் தகரத்தை அடிக்க ஒரு கட்டை. யானை குசினியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தபடி நின்றது. அவர் பின்வாங்கவில்லை.

சிவம் அண்ணை வெடியைக் கொளுத்தி எறிந்தார். யானை பிளிறிக்கொண்டு வேலியைப் பிய்த்துக் காட்டுப் பக்கம் போனது. சாரமும் அதனோடு போனது.

குசினிச் சுவரின் ஒரு மூலை சரிந்திருந்தது. ரஞ்சி வெளியே வந்தாள். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இஞ்சாருங்கோ, முதல்ல அக்காவைக் குறூப்பில திருப்பிச் சேருங்கோ."

அக்கா சூளை நிலத்தில் தேய்த்து அணைத்தார். "நான் சேரமாட்டன். நீங்கள் போட்டது பிழையெண்டு முதல்ல எல்லாருக்கும் சொல்லுங்கோ. தனியா இல்லை, பொதுவில."

அங்கேயே நின்று குரல் பதிவு செய்தேன்: "நான் போட்டது பிழை. தவம் அக்கா சொன்னது சரி." இவ்வளவு சிறிய பதிவை அழித்து அழித்து எடுத்தேன், காது அப்படிச் சுட்டது. ஊரே பெருவிரலைத் தூக்கியது. (குளக்கட்டில் நின்றது சிவம் அண்ணையின் எருமையாம். அதையும் அக்காதான் திருத்தினார்.)

இப்போது அவர்தான் அட்மின். நான் சாதாரண உறுப்பினன். குழுவில் ஒரே விதி: 'ஆனையைக் கண்டால் போடுங்கோ. பிழையெண்டால் உடன சொல்லுங்கோ.'

போன கிழமை சாப்பிடும்போது, சொதியில் உப்புக் கூடிவிட்டது என்றேன்.

"அளவாத்தான் போட்டனான்" என்றாள் ரஞ்சி.

"இல்லை, கூட."

அவள் கையைத் துடைத்துவிட்டுத் தன் போனை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் என் சட்டைப்பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். யானை. காதில் என் சாரம். மகளுக்குச் சிரிப்பில் புரைக்கேறியது. நான் இன்னும் ஒரு அகப்பை சொதியை விட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

(உப்புக் கூடத்தான். ஆனால் என்னிடம் ஆதாரம் இல்லை.)